காரணம் எழுதும் கட்டம்

கதிர்வீச்சுப் பிரிவில் வேலை பார்த்த நாற்பத்தோரு பேரில் அச்சக்கா மதித்தவர்களை எண்ண ஒரு கையே அதிகம். தரை துடைக்க வரும் பெரியம்மா, இயந்திர அறையில் நோயாளிகளைத் தூக்கிப் படுக்க வைக்கும் ஊழியர், அவ்வளவுதான். மற்றவர்களெல்லாம் சம்பளம் வாங்குவதற்கென்றே பிறந்தவர்கள் என்பது அவளுடைய தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. அவள் ஒருவரைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வேகத்திலேயே அது தெரிந்துவிடும்.

அச்சக்கா அவளுடைய சொந்தப் பெயரல்ல. அச்சு அறையில் இருபத்தொன்பது வருடம் இருந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். தலையிலும் கழுத்திலும் புற்றுநோய் வந்தவர்களுக்கு முகமூடி செய்வது அவள் வேலை. வலைபோலத் துளையிட்ட வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு ஒன்று இருக்கும். வெந்நீர்த் தொட்டியில் இரண்டு நிமிடம் போட்டால் ஈரத்துணிபோலத் துவண்டுவிடும். அதை எடுத்து உதறி, படுத்திருப்பவரின் முகத்தின் மேல் விரித்து, இருபக்கமும் இழுத்துப் பலகையில் மாட்ட வேண்டும். நெற்றி, மூக்கு, தாடை எல்லாம் அதில் பதியும். பத்து நிமிடத்தில் இறுகிவிடும். பிறகு ஒவ்வொரு நாளும் கதிர்வீச்சின்போது அந்த முகமூடியை மாட்டித்தான் படுக்க வேண்டும். தலை ஒரு நூலளவு அசைந்தாலும் கதிர் கட்டியை விட்டுவிட்டு நல்ல சதையைச் சுடும்.

முகத்தின் மேல் சூடாக ஏதோ வந்து மூடும்போது பயப்படாத மனிதர் கிடையாது. அப்போது அச்சக்கா தோளில் ஒரு கையை வைத்துக்கொள்வாள். "மூக்கு வழியா மெதுவா மூச்சு விடுங்க. பத்தே நிமிஷம். நான் எங்கயும் போகல, இங்கயேதான் நிக்கிறேன்" என்பாள். அந்தக் குரலைக் கேட்டவர்கள், இதே பெண்தான் தாழ்வாரத்தில் டாக்டர்களைக் கண்டால் செருப்பில் ஒட்டிய சேற்றைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறாள் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

டாக்டர்களை அவள் அப்படிப் பார்த்ததற்குக் காரணம் இருந்தது. முகமூடி முடிந்ததும் நோயாளிக்கு ஸ்கேன். ஸ்கேன் படங்களில் கட்டி எங்கிருந்து எங்குவரை என்று டாக்டர் கோடு வரைய வேண்டும். அதை வைத்துக் கதிர் எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு என்று கணக்குப்போடுபவர் கணக்குப் போட வேண்டும். டாக்டர் அதைப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் இயந்திரம். மனசு வைத்தால் ஒரு வாரத்து வேலை. அங்கே பதினாறு நாள் ஆகும், பதினெட்டு நாள் ஆகும். கோப்புக்குக் கால் கிடையாது, யாராவது தூக்கிக்கொண்டு போனால்தான் அடுத்த அறைக்குப் போகும்.

பெரிய டாக்டரின் மேசையில் பழுப்புக் கோப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். அவர் சட்டைப்பையில் எப்போதும் விலையுயர்ந்த பேனா ஒன்று இருக்கும். அது திறந்திருந்து பார்த்தவர் இல்லை. கோடு வரைய நேரமில்லாததற்கு ஒரு மாநாடு, ஒப்புக்கொள்ள நேரமில்லாததற்கு இன்னொரு மாநாடு. உலகத்தில் இத்தனை மாநாடு நடந்தும் இந்த வியாதி ஏன் இன்னும் இருக்கிறது என்று அச்சக்காவுக்குச் சந்தேகமாக இருக்கும். கணக்குப்போடுபவர் வேறு ரகம். எந்தக் கோப்பைக் கேட்டாலும் "வரட்டும், போட்டுடலாம்" என்பார். வந்து அவர் முழங்கைக்கு அடியிலேயே கிடக்கும் கோப்புக்கும் அதே பதில்தான். சின்ன டாக்டர்கள் மூன்று பேர் இருந்தார்கள். பெரிய டாக்டர் தும்மினால் இவர்கள் மூக்கைத் துடைத்துக்கொள்வார்கள்.

இப்படிக் கோப்பு தூங்கிக்கொண்டிருக்கும்போது நோயாளியின் உடம்பு தூங்காது. தொண்டையில் புண் வந்தவரால் சாப்பிட முடியாது. கன்னம் ஒட்டிப்போய் முகமூடி தொளதொளக்கும். கழுத்துக் கட்டி பெருத்தவருக்கு அதே முகமூடி மாட்டாது. மறுபடி அச்சு, மறுபடி ஸ்கேன், எல்லாம் முதலிலிருந்து. யாருடைய சோம்பலுக்கோ யாரோ தண்டனை அனுபவிப்பதை அவள் தன் அறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதைச் சரி செய்யத்தான் கணினி வந்தது. கணினிக் கம்பெனியிலிருந்து டை கட்டிய மூன்று பேர் வந்து பத்து நாள் பிரிவு முழுக்க நடந்தார்கள். எல்லாரிடமும் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். அச்சக்காவிடம் கேட்டபோது "அச்சு" என்று மட்டும் சொன்னாள். அவர்களும் அதற்கு மேல் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து வரவேற்பு மேசைக்கு மேலே ஆளுயரத் திரை ஒன்று வந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு எண், ஒரு வரிசை. வரிசையில் ஏழு கட்டங்கள். வேலை முடிந்தால் பச்சை, நடந்துகொண்டிருந்தால் மஞ்சள், தாமதமானால் சிவப்பு. தொடங்காத கட்டம் சாம்பல் நிறம். அவரவர் வேலை முடிந்ததும் அவரவர் அறைக் கணினியில் 'முடிந்தது' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால்தான் அடுத்த அறைக்காரருடைய பட்டியலில் அந்த எண் போய் நிற்கும்.

பெரிய டாக்டர் நாடா வெட்டினார். அன்றைக்கும் பேனா திறக்கப்படவில்லை.

அச்சக்காவுக்கு ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிரிவே ஒழுங்காக இல்லாதபோது டி.வி. மாட்டினால் மட்டும் என்ன ஆகிவிடப்போகிறது என்பது அவள் எண்ணம். இரண்டு வாரம் அழுத்தினாள், அப்புறம் விட்டுவிட்டாள். கேட்டால் கை ஈரம் என்பாள். பழையபடி முகமூடியில் பிளாஸ்திரி ஒட்டி எண் எழுதினாள், ஒரு துண்டுச்சீட்டை எடுத்துக்கொண்டு ஸ்கேன் அறைக்கு நடந்தாள். அங்கே இருந்த எழுத்தர் நல்ல மனிதர். சீட்டைப் பார்த்து, அவளுக்குப் பதிலாகத் தானே பொத்தானை அழுத்திவிடுவார். இப்படியே நான்கு மாதம் ஓடியது. கணினி இல்லாமலேயே தன் வேலை நடக்கிறது என்று அச்சக்காவுக்கு உள்ளூரப் பெருமை.

எழுத்தருக்கு மூல நோய் அறுவை. மூன்று வாரம் விடுப்பில் போனார். அவர் இடத்துக்கு வந்தவர் சீட்டைப் பார்த்தார், இதெல்லாம் இப்போது கிடையாது என்று ஓர் ஓரமாக வைத்தார். அவருடைய பட்டியலில் வந்தவர்களை மட்டும் கூப்பிட்டு ஸ்கேன் எடுத்தார். அச்சக்காவுக்கு இது தெரியாது. கொண்டுபோய் வைத்தோம், வேலை முடிந்தது என்று இருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் கண்டக்டர் வந்தார். பஸ்ஸில் முப்பத்து மூன்று வருடம் சீட்டுக் கொடுத்து ஓய்வு பெற்றவர். நாக்கின் அடியில் புண், கழுத்தின் இடப்பக்கம் எலுமிச்சை அளவில் ஒரு கட்டி. குரல் கரகரத்துப் போயிருந்தாலும் வாய் ஓயவில்லை. முகமூடி இறுகிக்கொண்டிருந்தபோதே பல்லிடுக்கில் ஏதோ கிண்டல் சொல்லித் தானே சிரித்து, சிரிக்காதீங்க என்று அவளிடம் திட்டு வாங்கினார். அவருடைய மனைவி கதவோரம் நின்றுகொண்டிருந்தார், சிரிக்கவில்லை. நாலைந்து நாளில் போன் வரும் என்று அச்சக்கா சொல்லி அனுப்பினாள்.

பதினோரு நாள் கழித்து, வெந்நீர்த் தொட்டிக்கு வடிகட்டி வாங்கக் கிடங்குக்குப் போகும் வழியில், வரவேற்பு பெஞ்சில் அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். சிகிச்சை ஆரம்பித்துவிட்டதா என்று கேட்டாள்.

"டிக்கெட் வாங்கியாச்சு. பஸ்ஸத்தான் காணோம்" என்றார் கண்டக்டர். குரல் இன்னும் இறங்கியிருந்தது. சட்டைக் காலர் இடப்பக்கம் மூடவில்லை.

அச்சக்காவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பெரிய டாக்டரா, கணக்குப்போடுபவரா, இன்றைக்கு யாராக இருந்தாலும் விடுவதில்லை என்று வரவேற்பு மேசைக்குப் போனாள். இந்த ஆளுடைய கோப்பு யார் மேசையில் உறங்குகிறது என்று, பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கேட்டாள். வரவேற்பில் இருந்த பெண் அவருடைய எண்ணைத் தன் கணினியில் தட்டினாள். பிறகு அந்தக் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"அக்கா, உங்க கட்டம்தான் இன்னும் சாம்பலா இருக்கு. அச்சே எடுக்கலைன்னு காட்டுது. அதான் போன் பண்றப்போ எல்லாம் அச்சு முடியட்டும், கூப்பிடுறோம்னு சொன்னோம்."

அச்சக்கா திரையையே பார்த்தாள். ஏழு கட்டத்தில் முதல் கட்டம். மற்ற ஆறும் அதற்காகக் காத்திருந்தன. இருபத்தொன்பது வருடத்தில் யார் யாரையோ எதற்கெல்லாமோ இகழ்ந்திருக்கிறாள். அந்த நிமிடத்தில் அவர்கள் எல்லாரும் ஒரே ஒருத்திக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள்.

கண்டக்டரை அறைக்குக் கூட்டிப்போனாள். அலமாரியில் பிளாஸ்திரி ஒட்டிய முகமூடி பத்திரமாக இருந்தது. மாட்டிப் பார்த்தாள். இடப்பக்கம் ஒரு விரற்கடை இறங்கவில்லை. அழுத்தினால் அவருக்கு மூச்சு முட்டியது. கழற்றி வைத்துவிட்டு, தவறு தன்னுடையது என்றும், பொத்தானை அழுத்தாமல் விட்டது தானே என்றும் அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். கண்டக்டர் கையை ஆட்டி, போகட்டும் என்பதுபோல ஏதோ செய்தார். அவருடைய மனைவி அப்படி விடவில்லை.

"நாங்க தினமும் போன் பண்ணோம்" என்றார். "ஒரு நாள் விடாம பண்ணோம்."

அச்சக்கா புதுத் தகடு எடுத்துத் தொட்டியில் போட்டாள்.

அவளுடைய கணவர் பார்சல் ஆபீசில் ஊர்வாரியாகப் பார்சல் பிரிப்பவர். அதிகம் பேச மாட்டார். அன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே நடந்ததை அவரிடம் சொன்னாள். திட்டுவார், அல்லது தேற்றுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் இரண்டும் செய்யவில்லை. தங்கள் ஆபீசிலும் இப்படித்தான், கருவியைக் காட்டிப் பதியாத பார்சலை யாரும் தேடுவதில்லை, ஏனென்றால் அது வரவேயில்லை என்று விளக்கினார்.

"அவர் பார்சல் இல்ல" என்றாள்.

"பார்சலா இருந்தா அனுப்பினவன் மறுநாளே வந்து சட்டையப் பிடிச்சிருப்பான்" என்றார் அவர். "இவங்க பாவம், போன்தான் பண்ணியிருக்காங்க."

மறுநாள் காலை அச்சக்கா ஸ்கேன் அறை ஓரத்தில் கிடந்த மற்றச் சீட்டுகளுக்கும் சேர்த்து அழுத்தினாள். அதிலிருந்து ஒரு பொத்தானையும் விடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அழுத்தினாள். அழுத்த ஆரம்பித்ததும் மற்றவர்கள் எப்படி அழுத்துகிறார்கள் என்று கவனித்தாள். அங்கேதான் அவளுக்குப் பழைய இகழ்ச்சி இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

பெரிய டாக்டருடைய கட்டத்தில் தாமதத்தை எண்ணும் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கும் தெரியுமா? அவர் கோப்பைக் கணினியில் திறந்து 'ஏற்றுக்கொண்டேன்' என்று சொன்ன பிறகு. எனவே அவர் திறப்பதேயில்லை. ஒன்பது நாள் திறக்காமல் கிடந்த கோப்பைப் பத்தாம் நாள் திறந்து, சின்ன டாக்டரை விட்டுக் கோடு போடச் சொல்லி மறுநாள் மூடினால், ஒரே நாளில் வேலை முடிந்ததாகக் கணக்கு. சின்ன டாக்டர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். நூறு படத்தில் ஒரு படத்தில் மட்டும் ஒரு கோடு இழுத்துவிட்டு 'முடிந்தது' என்பார்கள். கட்டம் பச்சையாகிவிடும். மிச்சத் தொண்ணூற்றொன்பது படத்தையும் ஆற அமர அடுத்த வாரம் வரைவார்கள். கணக்குப்போடுபவர் அதைக் கண்டுகொள்ள மாட்டார், அவருக்கும் அது வசதி. வெளியே ஆளுயரத் திரையில், சராசரிக் காத்திருப்பு நான்கு நாள் என்று பெரிய எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே பெஞ்சில் பதினைந்தாம் நாள்காரர்கள் உட்கார்ந்து அதைப் படித்தார்கள். பொய் சொல்ல முன்பெல்லாம் வாயாவது வேண்டியிருந்தது, இப்போது ஒரு விரல் போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

முகமூடியை இரண்டாவது முறை செய்தால் கணினி காரணம் கேட்கும். எடை குறைவு, வீக்கம், பிற என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'பிற' என்றால் பக்கத்தில் ஒரு காலிக் கட்டம் திறக்கும், அதில் எதையாவது எழுதாமல் மேலே போக விடாது. எல்லாரும் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போவது வழக்கம். கண்டக்டருக்குப் புது முகமூடி செய்த அன்றே அச்சக்கா அந்தக் கட்டத்தில், ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள்: 'அச்சு அறை ஊழியர் பொத்தானை அழுத்தவில்லை. பதினோரு நாள் வீண். கட்டி வளர்ந்துவிட்டது.'

தன் குற்றத்தை எழுதிவிட்ட பிறகு பிறர் குற்றத்தை எழுத அவளுக்குக் கூச்சமில்லை. 'பெரிய டாக்டர் அறையில் ஒன்பது நாள். மாநாடு.' 'ஒரு கோடு மட்டும் வரைந்து முடிந்தது என்றார்கள். மிச்சம் வரைய எட்டு நாள்.' 'கணக்குப்போடுபவர் வரட்டும் என்றார். வந்து ஆறு நாள் ஆகிறது.' ஆறு மாதத்தில் இருபத்து மூன்று காரணங்கள். நோயாளியோடு பேசிய தேதி, ஸ்கேன் தேதி எல்லாம் போட்டுத்தான் எழுதினாள். யாரும் படிக்கவில்லை. படிக்க மாட்டார்கள் என்பதில் அவளுக்கு முழு நம்பிக்கை இருந்தது. கிணற்றில் கல்லைப் போடுவதுபோல ஒவ்வொன்றாகப் போட்டாள்.

தரச்சான்று கொடுக்கிறவர்கள் பார்வையிட வந்தபோது அந்தக் கிணறு பேசியது. வந்த நான்கு பேரில் மூன்று பேர் திரையின் பச்சையைப் பார்த்துத் தலையாட்டினார்கள். நாலாவதாக வந்த அம்மாள், முகமூடி எத்தனை பேருக்கு இரண்டாவது முறை செய்தீர்கள், ஏன் என்று பட்டியல் கேட்டார். பெரிய டாக்டருக்கு அப்படி ஒரு பட்டியல் இருப்பதே தெரியாது. ஆனால் கணினி எதையும் நொடியில் தரும் என்று காட்டும் ஆசை இருந்தது. கணினிக்காரரைப் பார்த்துப் போடச் சொன்னார். கணினிக்காரர் படிக்காமலே கூட்ட அறைச் சுவரில் அதைப் பெரிதாகப் போட்டார்.

முதல் வரி அச்சக்காவின் குற்றம். அதற்குக் கீழே மற்றவர்கள் வரிசையாக இருந்தார்கள். அந்த அம்மாள் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, செய்தி வாசிப்பதுபோலப் பதட்டமில்லாமல் ஒவ்வொன்றாகப் படித்தார். சின்ன டாக்டர்கள் மூன்று பேரும் ஒரே சமயத்தில் தங்கள் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஏழாவது வரி வந்ததும் கணக்குப்போடுபவருக்கு அவசரமாக ஏதோ வேலை நினைவுக்கு வந்து எழுந்து போனார். அச்சக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வந்து ஈரக் கையோடு கதவோரம் நின்றாள்.

"இது எல்லாம் நீங்க எழுதினதா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"ஆமாங்க. காரணம் எழுதச் சொல்லிக் கேட்டுச்சு, எழுதினேன்."

பெரிய டாக்டர் முகம் கறுத்துவிட்டது. "வாய்க்கு வந்தத எழுதுறதுக்கா அந்தக் கட்டம் இருக்கு? மொதல் வரியே உங்களோட தப்புதானே?"

"என் தப்புதான் சார். பேசாம ஒரு புள்ளி வெச்சிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

அந்த அம்மாள் கணினிக்காரர் பக்கம் திரும்பி, நான்கு நாள் என்று வெளியே ஓடுகிறதே, அதை எந்த நாளிலிருந்து எண்ணுகிறீர்கள் என்றார். டாக்டர் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து என்று பதில் வந்தது. அதற்கு முந்திய நாட்கள் எங்கே என்று கேட்டார். கணினிக்காரர் பெரிய டாக்டரைப் பார்த்தார், பெரிய டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். முகமூடி செய்த நாளிலிருந்து எண்ணிக் காட்டச் சொன்னார் அந்த அம்மாள். கொஞ்ச நேரம் பிடித்தது. சுவரில் பதினேழு என்று வந்தது.

அந்த வருடம் சான்று கிடைக்கவில்லை. அச்சக்காவுக்கு ஒரு கடிதம் கிடைத்தது. அலுவலகப் பதிவில் தகாத சொற்களை எழுதியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். இருபத்து மூன்றில் எது பொய் என்று சொன்னால் அதற்கு விளக்கம் தருகிறேன் என்று ஒரே வரியில் பதில் எழுதிக் கொடுத்தாள். அதற்குப் பதில் வரவேயில்லை. ஒரு மாதம் பிரிவில் யாரும் அவளோடு பேசவில்லை. அவளுக்கு அது உறைக்கவேயில்லை. பேசிக்கொண்டிருந்த காலத்திலும் அவர்கள் பேச்சில் ஒன்றும் இருந்ததில்லை.

மறு வருடமும் சான்று போய்விடுமே என்ற பயத்தில் கணினியை மாற்றினார்கள். கடிகாரம் முகமூடியிலிருந்தே ஓடத் தொடங்கியது. யாருடைய அறையில் மூன்று நாளுக்கு மேல் கோப்பு நின்றாலும் அந்த எண் சிவப்பாகி, பக்கத்தில் யாரிடம் நிற்கிறது என்றும் வரும். ஒரு கோடு வரைந்துவிட்டுத் தப்பிக்க முடியாது, கணக்குப்போடுபவர் எல்லாப் படமும் வந்ததென்று ஒப்புக்கொண்டால்தான் பச்சை. முதல் வாரம் கணக்குப்போடுபவருடைய வரி ஐந்து இடத்தில் சிவந்தது. ஒரு நோயாளியின் மருமகன் திரையைப் படித்துவிட்டு நேரே அவர் அறைக்குப் போய், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சண்டை போடவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார். அன்றைக்கே அந்தக் கணக்கு முடிந்தது. இத்தனை வருடம் மனசாட்சி செய்யாத வேலையை ஒரு சிவப்புப் பொட்டு செய்துவிட்டது என்பதில் அச்சக்காவுக்கு மகிழ்ச்சி இல்லை. இவ்வளவுதானா இவர்கள் என்றுதான் தோன்றியது.

எட்டு மாதத்தில் பதினேழு எட்டாகக் குறைந்தது. அதைப் பற்றிப் பெரிய டாக்டர் ஒரு மாநாட்டில் பேசினார். தன் பிரிவில் தான் கொண்டுவந்த மாற்றம் என்று அவர் படத்தோடு மருத்துவமனையின் செய்தி இதழில் வந்தது. அச்சக்காவுக்கும் ஒரு பிரதி வந்தது. வெந்நீர்த் தொட்டியின் அடியில் சொட்டு விழும் இடத்தில் அதை நான்காக மடித்து வைத்தாள். நல்ல கனமான காகிதம், இரண்டு நாள் தாங்கியது.

கண்டக்டர் முப்பத்தைந்து முறை வந்து சிகிச்சையை முடித்தார். கட்டி கரைந்தது. குரல் கொஞ்சம் திரும்பியது. ஆனால் கெட்டியாக எதையும் விழுங்க முடியாமல் போய்விட்டது. கஞ்சியும் பாலும்தான் சாப்பாடு. பதினோரு நாள் முன்னால் ஆரம்பித்திருந்தால் இது வந்திருக்காதா என்று அச்சக்கா ஒரு சின்ன டாக்டரைப் பிடித்துக் கேட்டாள். அப்படியெல்லாம் சொல்ல முடியாது, அதனால் ஒன்றும் ஆகியிருக்காது, மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று அவர் இனிமையாகச் சொன்னார். அவர் அதுவரை சொன்ன எல்லாப் பொய்யையும்விட அந்த ஆறுதல்தான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவர்கள் பரிசோதனைக்கு வருகிறார்கள். கண்டக்டர் அச்சு அறைக் கதவைத் தட்டி எட்டிப் பார்த்து, ஏதாவது கிண்டல் சொல்லிவிட்டுப் போவார். அவருடைய மனைவி வருவதில்லை. தாழ்வாரத்தில் எதிரே வந்தால் அச்சக்காவை ஒரு தரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பார். அச்சக்கா அதற்காக நடையை வேகமாக்குவதில்லை, வேறு வழியாகச் சுற்றிப் போவதும் இல்லை. சுவரோரம் ஒதுங்கி நின்று, அவர் போகட்டும் என்று வழிவிடுகிறாள்.